பிரிட்டனின் தற்காலிக விலக்கு ஆணை: ஒரு சேவை விமர்சனம்

சிரியாவுக்குப் போய் ஐஎஸ் அமைப்பில் சேர்ந்தவர்களை ஊருக்குள் விடலாமா கூடாதா என்று பிரிட்டனில் பத்தாண்டுக்கும் மேலாக வாய்ச்சண்டை நடக்கிறது. தொலைக்காட்சி விவாதங்களில் இரண்டே கட்சிதான். ஒருவர் ‘குடியுரிமையைப் பறி’ என்பார், இன்னொருவர் ‘அழைத்து வந்து வழக்குப் போடு’ என்பார். அந்த நாட்டுச் சட்டத்திலேயே 2015 பிப்ரவரி முதல் மூன்றாவதாக ஒரு வழி இருப்பது பேச்சில் வருவதே அபூர்வம். அதன் பெயர் தற்காலிக விலக்கு ஆணை: போனவரை அரசு குறிக்கும் நாளில், அரசு குறிக்கும் வழியில் மட்டும் திரும்பி வரவிடுவது. உள்துறை அமைச்சகம் நடத்தும் மற்ற சேவைகளைப் போல இதையும் எடுத்துவைத்துப் பார்க்கிறோம்: யாருக்குப் பொருந்தும், படிப்படியாக எப்படி நடக்கும், உள்ளே என்ன இருக்கிறது, எங்கே பழுதாகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரிட்டன் கையில் இருப்பவற்றில் இதுதான் உருப்படியான கருவி. ஆனால் அரைகுறையாகச் செய்யப்பட்டது. அதைவிடப் பெரிய குறை, மிகவும் தேவைப்பட்ட காலத்தில் இதை எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டதுதான். வடிவமைப்புக்கு ஐந்துக்கு மூன்று தரலாம். பயன்பாட்டுக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

ஆணைக்குள் என்ன இருக்கிறது

2014 நவம்பரில் அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பேசும்போது இதை அறிவித்தார். கேட்டவர்களுக்கு, போனவன் போனவனாகவே இருக்கட்டும் என்று கதவடைக்கப் போகிறார்கள் என்றுதான் பட்டது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாத சொந்தக் குடிமகனை ‘வராதே’ என்று நிரந்தரமாகச் சொல்வதற்குச் சர்வதேசச் சட்டத்தில் இடமில்லை. சட்டமாக வந்தபோது திட்டம் ‘நிர்வகிக்கப்பட்ட வருகை’ ஆகிவிட்டது. வரலாம், ஆனால் எந்த நாள், எந்த விமானம், எந்த விமான நிலையம், இறங்கியதும் யார் வரவேற்பார்கள் என்பதை அரசு தீர்மானிக்கும்.

2015ஆம் ஆண்டு பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து நிபந்தனைகள் பூர்த்தியாக வேண்டும். அந்த நபர் பிரிட்டனுக்கு வெளியே பயங்கரவாதம் தொடர்பான செயலில் ஈடுபட்டார் என்று அமைச்சருக்கு நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். பொதுமக்களைக் காக்க ஆணை அவசியம் என்று அவர் கருத வேண்டும். அந்த நபர் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். பிரிட்டனில் வசிக்கும் உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். கடைசியாக, அவசர நேரம் தவிர மற்ற சமயங்களில் நீதிமன்றம் முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் பெரிய பூட்டாக நினைத்துவிட வேண்டாம். சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாமலே விசாரணை நடக்கும். அமைச்சரின் முடிவு ‘வெளிப்படையாகவே தவறானதா’ என்பதை மட்டும்தான் நீதிபதி பார்ப்பார்.

ஆணை அறிவிக்கப்பட்ட நொடியில் அவருடைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட் செல்லாததாகிவிடும். ஆணையின் ஆயுள் இரண்டு ஆண்டு. திரும்பப் பிறப்பிக்கலாம். விமான நிறுவனங்கள் பயணிகளின் விவரங்களை முன்கூட்டியே அனுப்பி ஏற்றலாமா என்று கேட்டாக வேண்டும். கேட்காமலோ, கூடாது என்று சொன்ன பிறகோ ஏற்றினால் 50,000 பவுண்டு வரை அபராதம். ஆணைக்குப் பல் இருப்பது இங்கேதான். காவல்துறை போய்த் தடுக்க வேண்டியதே இல்லை, செக்-இன் கவுன்டரிலேயே வேலை முடிந்துவிடும்.

அடுத்து, திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டு. ஆணை பெற்றவர் விண்ணப்பித்தால் அமைச்சர் நியாயமான காலத்துக்குள் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். மறுக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு: நேர்காணலுக்கு வரச் சொல்லியும் அவர் வராமல் இருப்பது. வேறொரு நாடு, உதாரணமாகத் துருக்கி, அவரைப் பிரிட்டனுக்கு நாடுகடத்தப் போகிறது என்றால் விண்ணப்பமே தேவையில்லை, சீட்டு கொடுக்கத்தான் வேண்டும். சீட்டில் வரவேண்டிய நாளும் வழியும் எழுதியிருக்கும். அதை மீறிக் கள்ளத்தனமாக வந்தால் ஐந்தாண்டு வரை சிறை.

இந்தத் தேதியும் விமானமும் அற்ப விஷயமாகத் தோன்றலாம். அப்படியல்ல என்பதற்கு மான்செஸ்டர் அரீனா குண்டுவெடிப்பைப் பார்த்தால் போதும். 22 பேரைக் கொன்ற சல்மான் அபேதி லிபியாவிலிருந்து 2017 மே 18 அன்று மான்செஸ்டரில் இறங்கினான். குண்டு வெடித்தது மே 22. எவரும் அவனை நிறுத்தவில்லை. நீதிபதி ஜான் சாண்டர்ஸ் தலைமையிலான விசாரணை, உளவுத்துறையான எம்ஐ5 தன் கையில் இருந்த தகவலின்மேல் உரிய வேகத்தில் நடவடிக்கை எடுக்காமல் ஒரு முக்கியமான வாய்ப்பைத் தவறவிட்டது என்று 2023இல் சொன்னது. ஆபத்து பெரும்பாலும் நாம் பார்க்காமல் உள்ளே வருபவரிடம்தான் இருக்கிறது. தேதி குறித்து, சீட்டுக் கொடுத்து வரவழைக்கப்படுபவர் குறைந்தபட்சம் நம் கண்ணில் படுகிறார்.

இறங்கிய பிறகு

விமான நிலையத்தில் முதலில் வருவது 2000ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை. சந்தேகம் எதுவும் இல்லாமலே ஆறு மணி நேரம் வரை நிறுத்தி விசாரிக்கலாம். கைபேசி, மடிக்கணினி எல்லாவற்றையும் வாங்கிப் பார்க்கலாம். பதில் சொல்ல மறுப்பதே குற்றம். அப்படிக் கட்டாயத்தில் சொன்ன பதிலைப் பொதுவாக அவருக்கு எதிரான குற்ற வழக்கில் சாட்சியமாக வைக்க முடியாது என்று 2019இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

வழக்குப் போடப் போதுமான ஆதாரம் இருந்தால் அங்கேயே கைது. இது பேச்சுக்குச் சொல்வதல்ல. 2014 அக்டோபரில் கைக்குழந்தையோடு சிரியாவில் ஐஎஸ்ஸின் தலைமையிடமாக இருந்த ரக்காவுக்குப் போய், சில மாதத்தில் தப்பித்து 2015 பிப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய ஒரு பெண்ணைப் பர்மிங்ஹாம் நீதிமன்றம் 2016இல் ஆறாண்டு சிறைக்கு அனுப்பியது. கைதிலிருந்து தண்டனை வரை ஏறத்தாழ ஓராண்டு. அதற்கு முன்பே, தான் இறந்துவிட்டதாகச் சமூக ஊடகத்தில் கதைகட்டிவிட்டுத் திருட்டுத்தனமாகத் திரும்பிய ஒருவரை டோவர் துறைமுகத்தில் பிடித்து 12 ஆண்டு கொடுத்தார்கள்.

ஆதாரம் போதவில்லை என்றால்தான் ஆணையின் இரண்டாம் பாதி வேலைக்கு வரும். குறிப்பிட்ட காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டை மாற்றினால் தெரிவிக்க வேண்டும். குறிக்கப்பட்ட சந்திப்புகளுக்குப் போக வேண்டும். தவறினால் இதற்கும் ஐந்தாண்டு வரை சிறை. சந்திப்புகள் என்பவை 2016 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கிய ‘விலகல் மற்றும் துண்டிப்பு’ திட்டத்தின் கீழ் வரும். வழிகாட்டி ஒருவர், உளவியல் உதவி, மதநூல் அறிந்த ஒருவருடன் உரையாடல் ஆகியவை இதில் உண்டு.

இதில் இல்லாதவற்றையும் பார்த்துவிடுங்கள். இரவு வீட்டுக்காவல் இல்லை. கணுக்காலில் மின்னணுப் பட்டை இல்லை. இணையத்துக்கோ பணப் பரிமாற்றத்துக்கோ தடை இல்லை. அவையெல்லாம் வேண்டுமென்றால் 2011ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்பு மற்றும் விசாரணை நடவடிக்கைகள் சட்டத்தின் கீழ் தனி உத்தரவு வாங்க வேண்டும், அதற்கான அளவுகோல் இதைவிடக் கடினம். ஆகவே இந்த ஆணையைக் கண்காணிப்புச் சிறை என்று நினைத்து நிம்மதியாக இருப்பவரும் தவறு, மனித உரிமைப் பேரழிவு என்று பதறுபவரும் தவறு.

பழுதாகும் இடங்கள்

முதல் பழுது அந்தச் சந்திப்பு அறையிலேயே இருக்கிறது. ஒருவரைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்து ‘மனசைத் திறந்து பேசு’ என்கிறீர்கள். வராவிட்டால் சிறை. வந்து பேசினால் அந்தப் பேச்சு எங்கே போகும்? விமான நிலைய விசாரணைக்கு எழுதிய பாதுகாப்பை 2015ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சந்திப்புகளுக்கு எழுதவில்லை. விவரமான வழக்கறிஞர் யாராக இருந்தாலும் தன் கட்சிக்காரரிடம் ‘போ, உட்கார், வானிலையைப் பற்றி மட்டும் பேசு’ என்றுதான் சொல்வார். மனமாற்றத்துக்காகக் கட்டிய அறை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடமாகிவிடுகிறது.

2020இல் க்யூஎக்ஸ் என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்பட்ட ஒருவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான ஓட்டையை அடைத்தது. ஆணையின் கீழ் திரும்பி வந்தவர் தன்மேல் சுமத்தப்பட்ட கடமைகளை எதிர்த்தால், நியாயமான விசாரணைக்கான உரிமை அவருக்கு உண்டு என்றது தீர்ப்பு. அதாவது, அரசு எதை வைத்துச் சந்தேகிக்கிறது என்பதன் சாரத்தையாவது அவரிடம் சொல்லியாக வேண்டும். சட்டம் எழுதியவர்கள் இதை முதலிலேயே செய்திருந்தால் ஐந்து வருடம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது, கால அளவு. இரண்டாண்டுக் கடிகாரம் ஆணை பிறந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், அவர் தரையிறங்கிய நாளிலிருந்து அல்ல. வெளிநாட்டுத் தடுப்பு மையத்தில் பத்து மாதம் கிடந்துவிட்டு வந்தால் உள்ளூர்க் கண்காணிப்புக்கு மிச்சம் பதினான்கு மாதம்தான். புதுப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் வழிகாட்டியுடன் பழகி, வேலை தேடி, பழைய கூட்டத்தை விட்டு விலகும் வேலை இப்படி ஒரு காலண்டருக்குள் அடங்குவதில்லை.

மூன்றாவது, நிகழ்ச்சித் திட்டத்தின் தரம். 2019 நவம்பர் 29 அன்று லண்டன் பாலத்தருகே ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலில் இருவரைக் குத்திக் கொன்ற உஸ்மான் கான் சிரியா போய்த் திரும்பியவன் அல்ல, உள்நாட்டுச் சதி வழக்கில் தண்டனை பெற்று, 2018 டிசம்பரில் நிபந்தனை விடுதலையில் வெளியே வந்தவன். ஆனால் சிறைக்குள் ஒரு மனமாற்றத் திட்டம், வெளியே இதே ‘விலகல் மற்றும் துண்டிப்பு’ திட்டம் இரண்டிலும் பெயர் பதிந்திருந்தவன். வகுப்புக்கு ஒழுங்காக வருவதையும் பணிவாகப் பேசுவதையும் முன்னேற்றமாக எண்ணிக்கொள்வதுதான் இத்தகைய திட்டங்களின் பொதுவான நோய். சவுதி அரேபியா இதே பாடத்தை முன்பே படித்தது. ரியாத்தில் உள்ள முகமது பின் நாயிஃப் மையம் உதவித்தொகை, வேலை, கல்யாணத்துக்குப் பண உதவி என்று தாராளமாகச் செய்த இடம். ஆனாலும் 2009இல் சவுதி வெளியிட்ட 85 பேர் கொண்ட தேடப்படுவோர் பட்டியலில் குவாண்டனாமோ அமெரிக்கச் சிறையிலிருந்து வந்து அந்த மையத்தில் தேறியதாகக் கருதப்பட்ட 11 பேர் இருந்தார்கள்.

நான்காவதுதான் இருப்பதிலேயே பெரியது. ஆணைக்குக் கையே கிடையாது. சீட்டை எழுதிக் கொடுக்கும், ஆனால் முகாமிலிருந்து ஆளை எடுத்து வராது. துருக்கியில் பிடிபட்டவருக்கு இது பிரச்சினை இல்லை, அந்த நாடே விமானத்தில் ஏற்றிவிடும். 2019 மார்ச்சில் ஐஎஸ்ஸின் கடைசிப் பிடியாக இருந்த பாகூஸ் கிராமம் விழுந்தபின் வடகிழக்குச் சிரியாவின் அல்-ஹோல் முகாமில் 70,000க்கும் மேற்பட்டோர் குவிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கே பிரிட்டிஷ் தூதரகம் இருக்கவில்லை. நேர்காணலுக்கு வரச் சொன்னால் எங்கே போவது? வேலியைத் தாண்ட விடமாட்டார்கள். சட்டம் எழுதும்போது 2014ஆம் ஆண்டின் பயணி மனதில் இருந்தார், பையை மாட்டிக்கொண்டு துருக்கி எல்லை வழியாகத் தானே போய்த் தானே வருபவர். 2019ஆம் ஆண்டின் கைதியை அது கணக்கில் எடுக்கவே இல்லை.

பக்கத்து அலமாரிச் சரக்கு: குடியுரிமைப் பறிப்பு

மேற்கண்ட பழுதுகளைச் சரிசெய்வதற்குப் பதில் உள்துறை அமைச்சகம் வேறொரு கருவியைக் கையில் எடுத்தது. 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 40ஆவது பிரிவு: ‘பொது நலனுக்கு உகந்தது’ என்று அமைச்சர் திருப்தி அடைந்தால் குடியுரிமையைப் பறிக்கலாம், அந்த நபர் நாடற்றவர் ஆகாதவரை. 2017இல் இந்தக் காரணத்துக்காக 104 பேரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. அதே ஆண்டு பிறப்பித்த தற்காலிக விலக்கு ஆணைகள் 9. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே அமைச்சகத்தின் மனது தெரிந்துவிடும்.

ஏன் இந்த ஆசை? முன்கூட்டி நீதிமன்ற அனுமதி வேண்டாம். விமானம் வேண்டாம், வீடு வேண்டாம், வழிகாட்டிக்குச் சம்பளம் வேண்டாம். ஒரு கையெழுத்துப் போதும், மறுநாள் செய்தித்தாளில் தலைப்பு. 2022இல் சட்டத்தைத் திருத்தி, சில சூழ்நிலைகளில் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிக்காமலே பறிக்கவும் வழிசெய்தார்கள்.

ஷமீமா பேகம் வழக்கை வைத்து இந்தச் சேவையின் உண்மையான செலவைக் கணக்கிடலாம். கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனிலிருந்து 2015 பிப்ரவரியில் இரண்டு பள்ளித் தோழிகளுடன் கிளம்பியபோது அவருக்கு வயது 15. 2019 பிப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாக முகாமில் ஒரு செய்தியாளர் கண்டுபிடித்தார். அதே மாதம் 19ஆம் தேதி உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித் குடியுரிமையைப் பறித்தார். அடுத்த மாதம் குழந்தை முகாமிலேயே இறந்தது. அதற்கு முன் பிறந்த இரண்டும் ஏற்கெனவே போய்விட்டன. பெற்றோர் வழியில் 21 வயதுவரை அவர் வங்கதேசக் குடிமகள், ஆகவே நாடற்றவர் ஆகவில்லை என்பது பிரிட்டனின் வாதம். வங்கதேசமோ, அவர் எங்கள் குடிமகளும் இல்லை, எங்கள் மண்ணில் அவருக்கு இடமும் இல்லை என்று சொல்லிவிட்டது. காகிதத்தில் ஒரு நாடு, நிஜத்தில் எந்த நாடும் இல்லை.

பிறகு வழக்கு. சிறப்பு மேல்முறையீட்டு ஆணையம், மேல்முறையீட்டு நீதிமன்றம், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் (வழக்கை நடத்த நாட்டுக்குள் வர அனுமதி இல்லை என்று ஒருமனதான தீர்ப்பு), 2023இல் மறுபடி ஆணையம், 2024 பிப்ரவரியில் மறுபடி மேல்முறையீட்டு நீதிமன்றம், 2024 ஆகஸ்ட்டில் இனி அப்பீலுக்கு அனுமதியில்லை என்று உச்ச நீதிமன்றம். பாலியல் சுரண்டலுக்காக அவர் கடத்தப்பட்டார் என்று சந்தேகிக்க நம்பத்தகுந்த காரணம் உண்டு என்று 2023இல் ஆணையமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் பறிப்பு செல்லும் என்றது. ஐந்தரை ஆண்டு வழக்கறிஞர் கட்டணம். அவ்வளவுக்குப் பிறகும் அவர் ரக்காவில் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்ற கேள்வியை ஒரு ஜூரியும் கேட்கவில்லை. ஹீத்ரோவில் இறங்கிய பெண்ணின் ஓராண்டோடு இதை ஒப்பிடுங்கள்.

பறிப்பை ஆதரிப்பவர்களின் வலுவான வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. போர்க்களத்தில் நடந்ததற்குச் சாட்சி கிடைக்காது, கூட்டி வந்தால் நான்கு வருடத்தில் வெளியே வந்துவிடுவார்கள் என்கிறார்கள். பாதி உண்மை. போகக் கூடாது என்று அரசு அறிவித்த வெளிநாட்டுப் பகுதிக்குள் போவதையே பத்தாண்டு வரை தண்டனைக்குரிய குற்றமாக்கும் பிரிவைப் பிரிட்டன் 2019இல்தான் சேர்த்தது, அது பின்னோக்கிப் பாயாது. ஆனால் ஜெர்மனி என்ன செய்தது என்று பாருங்கள். லோயர் சாக்சனியைச் சேர்ந்த ஒரு பெண் 2016இல் அங்காராவில் உள்ள ஜெர்மன் தூதரகத்துக்குப் புது ஆவணம் கேட்டுப் போனார். வெளியே வந்ததும் துருக்கிக் காவலர்கள் பிடித்து நாடுகடத்தினார்கள். ஜெர்மனியில் கையில் ஆதாரம் இல்லை, வெளியே விட்டார்கள், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. 2018இல் அவர் மறுபடி சிரியாவுக்குக் கிளம்பினார். காரை ஓட்டியவர் காவல்துறையின் ஆள், காருக்குள் ஒலிப்பதிவுக் கருவி. வழியில் அவரே பழைய கதையைப் பேசினார்: தாங்கள் அடிமையாக வாங்கிய, ஈராக்கின் சிறுபான்மை யஸீதி இனத்துச் சிறுமியைக் கணவர் வெயிலில் கட்டிப்போட்டுச் சாகவிட்டதை. சிறுமியின் தாய் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார். 2021இல் மியூனிக் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குப் பத்தாண்டு கொடுத்தது, 2023இல் அது பதினான்கானது. கணவருக்கு ஃப்ராங்ஃபர்ட்டில் இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை. யஸீதிகளுக்கு எதிரான இனப்படுகொலைக்காக உலகில் வந்த முதல் தீர்ப்பு அது. அந்தப் பெண்ணின் குடியுரிமையைப் பறித்து எல்லைக்கு வெளியே தள்ளியிருந்தால் அந்த ஒலிப்பதிவும் இல்லை, அந்தத் தாய்க்கு ஒரு நீதிமன்றமும் இல்லை.

வேறு கடைகளில் என்ன கிடைக்கிறது

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர மாதிரியை எல்லாரும் புகழ்கிறார்கள். கிழக்கு யூட்லாந்து காவல்துறையும் நகராட்சியும் சேர்ந்து நடத்துவது. திரும்பி வந்தவர்மேல் குற்ற வழக்குக்கு ஆதாரம் உண்டா என்று முதலில் பார்ப்பார்கள். இருந்தால் வழக்கு. இல்லாவிட்டால் வழிகாட்டி, படிப்பு, வீடு, வேலை, மருத்துவர். வருவது அவர் விருப்பம். நகரத்திலிருந்து 2013 வரை ஏறத்தாழ 30 பேர் போனார்கள், 2014இல் அது ஒன்றிரண்டாகக் குறைந்தது. பள்ளி, சமூகநலத் துறை, காவல்துறை மூன்றும் ஒரே மேசையில் உட்காரும் பழக்கம் அங்கே பல பத்தாண்டாக உண்டு, அதன்மேல்தான் இதைக் கட்டினார்கள். அந்த மேசை இல்லாத ஊரில் இந்த மாதிரியை மட்டும் நகலெடுத்தால் பெயர்ப்பலகைதான் மிஞ்சும். இன்னொன்று, ஆர்ஹுஸ் திருப்பி எடுத்தவர்களில் பலர் 2014க்கு முன்பே திரும்பிவிட்டவர்கள். 2014இல் ஐஎஸ் தன் ஆட்சியைக் கிலாபத் என்று அறிவித்த பிறகு நான்கு ஆண்டு உள்ளேயே இருந்தவர்களுக்கு அது போதுமா என்பது வேறு கணக்கு.

பிரிட்டிஷ் ஆணைக்கு இல்லாத கையைப் பார்க்க வேண்டுமென்றால் கஜகஸ்தானுக்குப் போக வேண்டும். ‘ஜுசான்’ நடவடிக்கையில் 2019 ஜனவரியில் முதல் விமானத்தில் 47 பேர் வந்தார்கள், அவர்களில் 30 பேர் குழந்தைகள். அதே ஆண்டு நடுப்பகுதிக்குள் எண்ணிக்கை ஏறத்தாழ 600. அரசே விமானம் அனுப்பியது. ஆண்களை இறங்கியதும் கைதுசெய்து வழக்குப் போட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் காஸ்பியன் கரையில் உள்ள அக்டாவ் நகரின் தகவமைப்பு மையத்தில் சுமார் ஒரு மாதம். அங்கே மருத்துவப் பரிசோதனை, உளவியலாளர், மதநூல் அறிந்தவர். சிரியாவில் பிறந்த குழந்தைக்கு எந்த ஆவணமும் இருக்காது என்பதால் டிஎன்ஏ பரிசோதனையில் உறவை உறுதிசெய்து ஆவணம் தந்தார்கள். பத்து வயதாகியும் பள்ளியைப் பார்க்காத பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு. அதன்பின் தாத்தா பாட்டி இருக்கும் ஊருக்கு. ஈராக் சிறையில் தாய் இருக்க, பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூட்டி வந்த நடவடிக்கையும் உண்டு. குறை இல்லாமல் இல்லை. ஆண்களின் வழக்கு விசாரணைகளையும் திட்டத்தின் வெற்றிக் கணக்கையும் வெளியார் சரிபார்க்க வழி குறைவு, அரசு சொல்வதுதான் கணக்கு. ஆனாலும் தளவாட ஏற்பாட்டில் பணக்கார நாடுகளைவிட இவர்கள் கெட்டிக்காரர்கள். ‘முகாமுக்குள் போக முடியாது, ஆபத்து’ என்ற லண்டனின் சாக்கு அக்டாவில் இறங்கிய விமானங்களோடு முடிந்துவிட்டது.

பிரிட்டன் 2019 நவம்பரில் ஆதரவற்ற குழந்தைகள் சிலரைக் கூட்டி வந்தது. தாயோடு இருக்கும் குழந்தை என்றால் தாயைப் பற்றிய முடிவு குழந்தையின் தலையிலும் விழும். பிரான்ஸும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. 2022 ஜூலையில் 16 தாய்மாரையும் 35 பிள்ளைகளையும் ஒரே விமானத்தில் கொண்டுவந்து போக்கை மாற்றியது. இரண்டு மாதம் கழித்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கூட்டி வரச் சொல்லி எல்லாருக்கும் உரிமை இல்லை, ஆனால் மறுத்தால் அது தன்னிச்சையானதல்ல என்று சுதந்திரமான அமைப்பு ஒன்று சரிபார்க்க வேண்டும் என்று பிரான்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

வாங்க நினைக்கும் நாடுகளுக்கு

இந்த ஆணையைத் தங்கள் நாட்டில் இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் (ஆஸ்திரேலியா 2019இல் தன் வடிவத்தைச் செய்துகொண்டது) முதலில் தூதரகக் கவுன்டரைச் சரிபார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஓர் உதாரணம்: கேரளத்தின் தொடுபுழாவைச் சேர்ந்தவர், திருநெல்வேலியில் வசித்தவர் ஒருவர் 2015 ஏப்ரலில் ஈராக்குக்குப் போய் ஐஎஸ்ஸில் பயிற்சி பெற்றார். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று இஸ்தான்புல்லில் சொல்லி அவசரச் சான்றிதழ் வாங்கி அதே ஆண்டு செப்டம்பரில் ஊர் திரும்பினார் என்பது என்ஐஏ தரப்பு. கைதானது 2016 அக்டோபரில். நடுவில் ஓராண்டு, கையெழுத்துப் போடச் சொல்லவும் ஆளில்லை, வழிகாட்டியும் இல்லை. இந்திய அரசின் நேச நாட்டின்மீது போர் தொடுத்தலுக்கான பழைய 125ஆவது பிரிவு கைவசம் இருந்ததால் 2020இல் எர்ணாகுளம் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை வரை கொண்டுபோக முடிந்தது. இப்போது அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 153ஆவது பிரிவில் இருக்கிறது.

இலங்கைக்கு அதுகூட இருக்கவில்லை. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, சிரியா போய்த் திரும்பியவர்கள் பற்றி அரசுக்குத் தெரியும், ஆனால் வெளிநாட்டு ஆயுதக் குழுவில் சேர்ந்து திரும்புவது இங்கே குற்றமில்லை என்று அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க சொன்னார். குற்றப் பிரிவு இல்லாத நாட்டில் சீட்டுக் கொடுத்து, தேதி குறித்து, விமான நிலையத்தில் வரவேற்று என்ன பயன்? ஆகவே வரிசை இப்படி: முதலில் போவதையும் சேர்வதையும் குற்றமாக்கும் பிரிவு, அடுத்து அவசரச் சான்றிதழ் கேட்டு வருபவரின் பயணத் தடத்தைக் கேட்கும் தூதரக அதிகாரி, அதற்குப் பிறகுதான் விலக்கு ஆணை. அப்போதும் இரண்டாண்டுக் கடிகாரத்தைத் தரையிறங்கிய நாளிலிருந்து ஓடவிடுங்கள். சந்திப்பு அறையில் சொல்வது வழக்குக்குப் போகாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள். முகாமுக்கு அனுப்ப ஒரு விமானத்துக்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குங்கள்.